பக்கத்தில் பின்பால் நிற்கிறதா? மானிட்டரைத் திறக்க விடாதீர்கள்

ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) திரையில் ஒரு ஓரம் மட்டும் நிறம் மாறித் தெரிந்து, அந்தப் பக்கத்தில் ஒரு பின்பால் (இரும்புக் குண்டைத் தட்டி ஆடும் pinball) இயந்திரமும் நின்றால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நல்ல மானிட்டரைப் பிரித்துப் போட்டு, காசையும் வாங்கிக்கொண்டு போன ஒருவரின் கதை இது. பெயர் சொல்லப் போவதில்லை. இந்த வேலையை இப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய 19 அங்குல கலர் பிக்சர் ட்யூப் வைத்த கேபினட். அதை ஒட்டி 90களில் வந்த ஒரு பின்பாலை நிறுத்தினோம். அன்று மாலையே ஆர்கேட் திரையின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. நீல வானம் அங்கே மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. வெள்ளை எழுத்துகள் அந்த இடத்துக்கு வந்தால் இளம்பச்சையாக மாறின.

வந்தவர் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கெபாசிட்டர் எல்லாம் போச்சு" என்றார். பக்கத்தில் நிற்கும் இயந்திரம் காரணமாக இருக்குமோ என்று நானே கேட்டேன். உடனே பின்பாலின் சுவிட்சை அணைத்துக் காட்டினார். "பாருங்க சார், அதை ஆஃப் பண்ணியாச்சு. திட்டு அப்படியேதானே இருக்கு? அப்போ கோளாறு உங்க மானிட்டர்லதான்."

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ஏமாற்று வேலையே இந்த இடத்தில்தான். பின்பாலின் தலைப்பெட்டியில், அதாவது பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பெட்டியில், இருக்கும் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ளது நிலைக் காந்தம். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்தத் தலைப்பெட்டி நிற்கும் உயரமும் ஆர்கேட் ட்யூபின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் ஒட்டி வைத்தால் ஸ்பீக்கர் நேராக ட்யூபின் விலாவில் போய் நிற்கிறது.

கலர் ட்யூபுக்குள் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்றாக மூன்று எலெக்ட்ரான் கற்றைகள். திரைக்குச் சற்றுப் பின்னால் பொடித் துளைகள் கொண்ட ஒரு உலோகத் தகடு. துளை வழியாக நுழையும் கற்றை தன் நிறப் புள்ளியில் மட்டும் விழ வேண்டும். வெளிக் காந்தம் அதை இம்மியளவு தள்ளினாலும் பக்கத்து நிறத்தில் போய் விழும். கேபினட்டைத் திசை மாற்றித் திருப்பி வைத்தால் பூமியின் காந்தமே நிறத்தைக் கொஞ்சம் கெடுத்துவிடும். அவ்வளவு நோஞ்சான் விஷயம் அது. கருப்பு வெள்ளை மானிட்டரில் இந்தத் தகடு கிடையாது என்பதால் நிறத் திட்டும் வராது, படம் மட்டும் லேசாகக் கோணும்.

பின்பாலை நகர்த்தினால்கூடத் திட்டு முழுதாகப் போகாது. அந்தத் தகடு அதற்குள் காந்தம் ஏறிப் போயிருக்கும், டீகாஸ் செய்துதான் அதை எடுக்க வேண்டும். பெரும்பாலான கலர் ட்யூப் மானிட்டர்களில் இதற்கென ஒரு சுருள் உள்ளேயே உண்டு. ஆனால் அது ஆறிப்போன மானிட்டரை ஆன் செய்யும் முதல் சில நொடிகளில்தான் வேலை செய்யும். அணைத்து அணைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காது. அதனோடு சேர்ந்த தெர்மிஸ்டர், அதாவது சூடேறியதும் சுருளுக்குப் போகும் கரண்டைக் குறைத்துவிடும் பாகம், ஆற அரை மணி நேரமாவது விட வேண்டும். நம்மவர் அணைத்த கையோடு போட்டுக் காட்டி, "டீகாஸும் பண்ணிட்டேன், போகலை" என்றார்.

கெபாசிட்டர்கள் மாறின. கழற்றிய பழையவற்றைக் கேட்டேன், குப்பையில் போட்டாராம். திட்டு போகவில்லை. அடுத்து "ட்யூபே வீக்" என்றார். அதன் பிறகு கேபினட்டின் இடது பலகைக்கு உள்பக்கம் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி "ஷீல்டு" என்று தனியாகக் காசு வாங்கினார். அலுமினியத்துக்கும் நிலைக் காந்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தடுக்க வேண்டுமென்றால் இரும்புத் தகடு, இல்லாவிட்டால் மியூ மெட்டல் என்ற நிக்கல் கலவை வேண்டும். அந்தத் தாள் ஒரு பக்கம் பசை விட்டு ட்யூபின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. ட்யூபின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஆனோடு கம்பியில் இருபதாயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அங்கே போய் மின்சாரம் கடத்தும் தாளைத் தொங்கவிட்டவரை என்ன சொல்வது?

இதையெல்லாம் விடப் பெரிய கேடு கடைசியில் நடந்தது. ட்யூபின் கழுத்தில் சின்னச் சின்னக் காந்த வளையங்கள் இருக்கும். நிறத்தைச் சரியாக நிறுத்தி, அசையாமல் இருக்க அவற்றின் மேல் பெயின்ட் வைத்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்பியிருப்பார்கள். அந்தப் பெயின்டை உடைத்து வளையங்களைத் திருகி, திட்டு மங்கலாகும் வரை பூசி மெழுகிவிட்டுப் போயிருக்கிறார். கற்றைகளைத் திருப்பும் கம்பிச் சுருளான யோக்கின் ரப்பர் ஆப்பு ஒன்றும் பிடுங்கிக் கிடந்தது. பார்க்கச் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. பின்பாலை எதிர்ச் சுவருக்கு மாற்றியதும் சாயம் வெளுத்தது. இந்த முறை திரை முழுக்க நிறம் தப்பு. ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் சிவப்புக் கோடு.

பிறகு வேறொருவர் வந்து, முதல் வேலையாக "பக்கத்தில் என்ன நின்றது?" என்று கேட்டார். கைச்சுருளால் டீகாஸ் செய்தார். திரைக்கு முன்னால் வட்டமாகச் சுற்றி, அப்படியே ஆன் நிலையில் இரண்டு மீட்டர் பின்னால் வந்து, அப்புறம்தான் அணைத்தார். கிட்டத்திலேயே அணைத்தால் முன்பைவிட மோசமாகக் காந்தம் ஏறும். பிறகு முழுச் சிவப்புத் திரையைப் போட்டு வளையங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கீழ் மூலையில் மட்டும் கொஞ்சம் பிசகு நின்றுவிட்டது.

திட்டு இல்லாமல் படம் நடுங்கினால் அது வேறு ஆள். பெரும்பாலும் பக்கத்து இயந்திரத்தின் ட்ரான்ஸ்ஃபார்மர். சில பழைய பின்பால்களில் அது தலைப்பெட்டியிலேயே இருக்கும். கரண்ட் 50 ஹெர்ட்ஸ், படம் 60 ஹெர்ட்ஸ் அளவில் என்றால் நொடிக்குப் பத்துத் தடவை உதறும். இரண்டும் 60-ஐ ஒட்டியே இருந்தால் மெதுவாக நெளியும். இதற்கு அணைத்துப் பார்க்கும் சோதனை சரி, அணைத்ததும் நின்றுவிடும். விளையாட்டுப் பலகைக்கு அடியில் மின்காந்தம் வைத்த பின்பால்களும் உண்டு. 1980-இல் வில்லியம்ஸ் கொண்டுவந்த 'பிளாக் நைட்'டில் பொத்தானை அழுத்தினால் ஓரமாக நழுவும் குண்டைக் காந்தம் பிடித்து நிறுத்தும். அந்த மாதிரி இயந்திரம் பக்கத்தில் இருந்தால், காந்தம் பிடிக்கும் நொடியில் மட்டும் திரை துள்ளலாம்.

எதுவாக இருந்தாலும் முதலில் தள்ளி வையுங்கள். தூரம் இரட்டிப்பானால் காந்தத்தின் பலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஒரு முழம் இடைவெளியே பல சமயம் போதும். இடம் இல்லை என்றால் எல்சிடி வைத்த கேபினட்டை நடுவில் நிறுத்துங்கள், அதற்கு இந்தக் கவலையே கிடையாது. அப்படியும் ஒருவரைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றால், அவர் கை வைக்கும் முன் பின்கதவைத் திறந்து, உள்ளே கையை விடாமல், ட்யூபின் கழுத்தைப் பெயின்ட் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். அணைத்த பிறகும் ட்யூபில் மின்சாரம் தங்கியிருக்கும். கழற்றும் ஒவ்வொரு பொருளும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதலில் வந்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "போட்ட பார்ட்ஸை எப்படி சார் திருப்பி எடுக்கிறது?" என்றார். ஷீல்டைக் கழற்றி வைத்திருக்கிறேன், அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.