எட்சலா, அட்லியா? அட்டிலாவின் இரண்டு முகங்கள்

ஹூணர் மன்னன் அட்டிலா 453இல் இறந்தான். அதற்குப் பிறகு அவன் கதை இரண்டு கிளையாகப் பிரிந்து வளர்ந்தது. 1200 வாக்கில் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட நிபெலுங்கன் காவியத்தில் அவன் பெயர் எட்சல். ஐஸ்லாந்துச் சுவடிகளில் உள்ள பழம்பாடல்களில் அட்லி. ஆள் ஒருவன்தான், குணம் நேரெதிர்.

எட்சல் நல்லவன். நாடிழந்து வந்த டீட்ரிக் போன்ற வீரர்களுக்கு அடைக்கலம் தருகிறான். கிறிஸ்தவரும் மற்றவரும் அவனுடைய அவையில் அவரவர் வழிப்படி வாழலாம். அட்லியோ பொன்னாசை பிடித்தவன். மனைவி குட்ரூனின் அண்ணன் தம்பிகளை விருந்துக்கு அழைக்கிறான். அவர்களில் புதையல் இருக்கும் இடத்தைச் சொல்லாத குன்னாரைப் பாம்புக் குழியில் தள்ளுகிறான்.

இரண்டு கதைகளிலும் அதே விருந்து, அதே படுகொலை. இடம் மாறுபவள் மனைவிதான். ஜெர்மன் காவியத்தில் கிரீம்ஹில்ட் முதல் கணவன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கத் தன் சகோதரர்களையே வரவழைக்கிறாள். எட்சல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். வடக்கே குட்ரூன் மோதிரத்தில் ஓநாய் மயிரைச் சுற்றி அனுப்பிச் சகோதரர்களை எச்சரிக்கிறாள். அவர்கள் கேட்கவில்லை. அப்புறம் கணவனைப் படுக்கையிலேயே குத்திக் கொல்கிறாள். கவிதையாகப் பார்த்தால் எனக்கு அட்லியின் பாடல்தான் உசத்தி. அந்த மோதிரம் ஒன்றே போதும்.

சரி, ஏன் இந்த வேறுபாடு? 451இல் கல்லியாவில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) அட்டிலா போரிட்டபோது கிழக்கு கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் அவன் பக்கம் நின்றார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவர் தியோடெமிர். அவருடைய மகன் தியோடெரிக்தான் கதைகளில் டீட்ரிக் ஆனார். அட்டிலாவின் கீழே பணிபுரிந்தவர்களின் நினைவில் அவன் கொடுத்துச் சிவந்த அரசன்.

ரைன் கரையின் நினைவு வேறு. 430களில் ஹூணர் படை அங்கே பர்கண்டியர் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தாரை அழித்தது, அவர்களின் அரசன் குண்டஹார் மாண்டான். அந்தப் படை ரோமத் தளபதி ஏட்டியஸுக்காகப் போரிட்டது. அட்டிலா அதை நடத்தியதாகச் சான்று இல்லை. ஆனாலும் குண்டஹார் குன்னார் ஆனபோது கொலைப்பழி அட்லியின் தலையில் விழுந்தது. படுக்கைக் கொலைக்கும் ஒரு வேர் உண்டு. அட்டிலா இறந்தது இல்டிகோ என்ற பெண்ணை மணந்த இரவில். மூக்கில் ரத்தம் வழிந்து, மூச்சடைத்து இறந்ததாக ஒரு செய்தி. ஒரு பெண் குத்தியதாக அடுத்த நூற்றாண்டின் ஒரு குறிப்பு.

இருவரில் உண்மைக்கு நெருக்கம் யார் என்று கேட்டால், நான் எட்சல் பக்கம். காரணம் பிரிஸ்கஸ் என்ற வரலாற்றாசிரியர். 449இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து தூதுக் குழுவோடு போய் அட்டிலாவின் பந்தியில் உட்கார்ந்தவர் அவர். விருந்தினருக்கு வெள்ளித் தட்டு, பொன் வெள்ளிக் கிண்ணங்கள். மன்னனுக்கு மரத்தட்டில் இறைச்சி, மரக்கோப்பை. வாளிலும் செருப்பிலும் குதிரைக் கடிவாளத்திலும்கூட அலங்காரம் இல்லை. கிழக்கு ரோமப் பேரரசு தந்த ஆண்டுக் கப்பத்தை 700 பவுண்டு பொன்னிலிருந்து 2,100க்கு ஏற்றியவனும் இவன்தான், அதை மறைக்க வேண்டாம். நகரங்களைச் சாம்பலாக்கியவனும் இவனே. ஆனால் அந்தப் பொன் அவனுடைய தட்டில் இல்லை. அட்லியைப் பாடியவர்கள் இதைக் கேள்விப்படவே இல்லை.

இரண்டு கதைகளும் அவன் பிள்ளைகளைக் கொல்கின்றன. எட்சலின் மகன் தலையை, கிரீம்ஹில்டின் சகோதரர்களோடு வந்த ஹாகன் வெட்டுகிறான். அட்லிக்குத் தாயே பிள்ளைகளை உணவாகப் பரிமாறுகிறாள். பிரிஸ்கஸ் கண்டதோ வேறு. விருந்தில் கோமாளி செர்க்கோன் உளறி எல்லோரையும் சிரிக்க வைத்தபோது, அட்டிலாவின் முகம் மட்டும் அசையவில்லை. கடைசி மகன் எர்னாக் வந்து பக்கத்தில் நின்றான். அவனைக் கன்னத்தைப் பிடித்து அருகே இழுத்து, கண் கனிந்து பார்த்தான். அட்டிலாவின் குலம் வீழும், இந்தப் பையனால்தான் மீளும் என்று குறிகாரர்கள் சொல்லியிருந்தார்களாம்.