அருவியா, அணையா, ராட்டினமா: அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் எது தேறும்?

மே மாதம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து கூடும். அக்கா பசங்க இரண்டு பேருக்கும் பெங்களூரு பக்கம் இருக்கும் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும். மாமாவுக்கு ஒகேனக்கல். அருவி ஒரு சாக்கு, மீன்தான் காரணம். அம்மாவுக்குக் கிருஷ்ணகிரி அணையே போதும். "பொழுது சாயப் போயிட்டு ராத்திரி சோத்துக்கு வந்துடலாம்" என்பார்.

மூன்றுக்கும் பலமுறை போய் வந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். எத்தனை ராட்டினம், எவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. ராட்டினத்தில் ஏறாத, பரிசலில் உட்காரப் பயப்படுகிற, முழங்கால் வலிக்காரரான அம்மா அன்றைய பொழுதை எங்கே, எப்படிக் கழித்தார் என்பதுதான் என் அளவுகோல். சுற்றுலா நன்றாக இருந்ததா இல்லையா என்று வீட்டில் கடைசியில் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான்.

முதலில் பூங்கா. பேர் வேண்டாம். முதல் தடவை போனபோது விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அம்மாவும் அக்காவும் புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, வாழை இலையில் பொட்டலம் கட்டினார்கள். ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலைக் கடந்து வாசலுக்குப் போய் நின்றால், பையைச் சோதித்தவர் "சாப்பாடு உள்ளே போகாது" என்று தள்ளி வைத்துவிட்டார். வண்டி நிறுத்துமிடத்தில், வேனின் அரையடி நிழலில் நின்றபடி காலை பத்தரைக்கு மத்தியானச் சோறு சாப்பிட்டோம். மிச்சத்தை டிரைவர் தம்பியிடம் கொடுத்தோம்.

உள்ளே போனதும் பசங்க பறந்துவிட்டார்கள். அம்மா ஒரு பூச்செடிப் பாத்தியின் சிமென்ட் விளிம்பில் உட்கார்ந்து ஆறு ஜோடிச் செருப்பையும் நான்கு போனையும் நான்கு மணி நேரம் காவல் காத்தார். வெயில் நகர நகர அவரும் விளிம்போடு நகர்ந்துகொண்டே இருந்தார். இரண்டு மணிக்கு மறுபடி பசித்தது. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று ஒரு தட்டு லெமன் சாதம் வாங்கி வந்தேன். ஒரு வாய் சாப்பிட்டவர், "மஞ்சள்தூளைச் சோத்துல கொட்டியிருக்கான்" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அன்று பசங்க ஏறிய ராட்டினங்களின் பெயர் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அந்தச் சிமென்ட் விளிம்பு மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து அதே பூங்கா. பெரிய ராட்டினம் எதுவும் புதிதாக வந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் நாலு இடத்தில் சுத்திகரித்த குளிர்ந்த தண்ணீர்க் குழாய் வந்திருந்தது. மரத்தடிகளில் சாய்மானம் வைத்த நீள பெஞ்சு, பக்கத்தில் சாரல் அடிக்கும் பெரிய மின்விசிறி. செருப்பு, போன் வைக்கப் பூட்டோடு பெட்டி. தயிர்சாதத்துக்கு மட்டும் தனி கவுண்டர், அதில் வரிசையே இல்லை. வெளிச் சாப்பாட்டுக்குத் தடை மட்டும் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் தட்டின் விலைகூட ஏறித்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது அம்மா ஒரு குறை சொல்லவில்லை. அத்திப்பள்ளி தாண்டும்போது, "தண்ணி நல்லா இருந்துச்சுடா" என்றார்.

அந்த வார்த்தையின் எடை வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. அம்மா பிறந்தது பென்னாகரம் பக்கம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள மண். அதனால் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை அவருடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் வந்த பிறகும், புது இடத்துக்குப் போனால் அவர் முதலில் ருசி பார்ப்பது தண்ணீரைத்தான்.

குடிதண்ணீர் விஷயத்தில் பெரிய கைகளே தடுமாறியிருக்கின்றன. 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அந்த ஊரில் குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தம். கழிப்பறைகளை முடிப்பதா, குடிநீர்க் குழாய்களை முடிப்பதா, ஏதாவது ஒன்றுதான் முடியும் என்ற நிலை. வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். நியாயமான முடிவுதான். ஆனால் அன்று கொளுத்துகிற வெயில். புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்பு புதைந்தது. தண்ணீர் இல்லாமல் தவித்த கூட்டம், பெப்சி விற்பதற்காகத்தான் குழாயை மூடி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டது. காரணம் வேலைநிறுத்தம் என்று தாகத்தில் நிற்கிறவனிடம் சொல்லி என்ன பயன்?

நம் ஊரில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரையரங்குகள் பற்றிச் சொன்னதும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தையின் உணவைத் தடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். யாராவது ஜிலேபி தின்றுவிட்டுப் பிசுபிசுத்த விரலை இருக்கையில் துடைத்தால் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று விசாரணையில் கேள்வி வந்தது. கேள்வி சரிதான். ஆனால் வாழை இலைப் புளிச்சோற்றுக்கும் அதே பதிலா என்பது என் சந்தேகம்.

சரி, ஒகேனக்கல். வசதி என்று பட்டியல் போட்டால் பூங்காவிடம் தோற்றுவிடும். அவசரத்துக்கு ஒதுங்குவது என்றால் சாப்பிடப்போகும் ஓட்டலில் கேட்டுக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை ஆயிரம் கன அடி என்று பார்க்காமல் கிளம்பினால், பரிசலுக்குத் தடை என்று கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் சாப்பாட்டில் ஒகேனக்கலை அடித்துக்கொள்ள முடியாது. மீனை நாமே பார்த்து வாங்கி, அங்கே சமைத்துக் கொடுக்கும் அக்காக்களில் ஒருவரிடம் கொடுத்தால் போதும். போன முறை எங்களுக்குச் சமைத்தவர் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, கட்லாவைச் சாம்பல் போட்டு உரசிக் கழுவி, பாதியைக் குழம்புக்கும் பாதியை வறுவலுக்கும் பிரித்தார். அம்மா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "புளி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும் கண்ணு" என்றார் அம்மா. "மொதல்ல ருசி பாருங்கம்மா, அப்புறம் ஊத்தறேன்" என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார் அந்த அக்கா. ஒன்றரை மணி நேரம் ஆனது. அதைக் காத்திருப்பு என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. பூங்காவில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

அங்கேயும் சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்திருக்கின்றன. பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் மாட்டியே ஆக வேண்டும். அம்மா முதல்முறை பரிசலில் ஏறியது அந்த ஆரஞ்சுச் சட்டையை நம்பித்தான். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததால் தண்ணீர் பாக்கெட் போனது. ஆற்றுக்கு நல்லது. எங்களுக்குத்தான் வீட்டிலிருந்து இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை கூடிவிட்டது.

கிருஷ்ணகிரி அணைக்குப் பெரிதாக விளக்கம் தேவையில்லை. தென்பெண்ணைக்குக் குறுக்கே காமராசர் காலத்தில் கட்டியது. ஊரிலிருந்து கிட்டத்தில் இருப்பதால் டூவீலரிலேயே போய்விடலாம். பூங்காவின் புல்லில் பாயை விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே வரிசையாக மீன் வறுவல் கடை. சோறு நம்முடையது, சூடாக இருக்க வேண்டிய மீன் மட்டும் அவர்களுடையது. இந்தக் கூட்டணி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சீனாவில் ஷாங்காய் டிஸ்னிலேண்டும் வழக்கு வந்த பிறகு கிட்டத்தட்ட இந்தக் கணக்குக்குத்தான் இறங்கி வந்தது. நொறுக்குத்தீனியோடு வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சட்டக்கல்லூரி மாணவி 2019இல் வழக்குப் போட்டார். அந்த வருடமே விதி தளர்ந்தது. சொந்த உபயோகத்துக்கு உணவு கொண்டுவரலாம், சூடாக்கவோ குளிரூட்டவோ தேவைப்படுவதும் வாசனை தூக்குவதும் மட்டும் கூடாது என்றார்கள். வீட்டில் கட்ட முடிந்ததை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். சூடாகவும் சில்லென்றும் விற்க வேண்டியதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். அணைக்கரையில் மீன் வறுக்கிற அண்ணனுக்கு இது வழக்கு இல்லாமலே தெரிந்திருக்கிறது. டோக்கியோ டிஸ்னிலேண்டில் இன்னொரு வழி: உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஆனால் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம். பாரிஸில் 1992இல் திறந்தபோது மது கிடையாது என்றவர்கள், சோறு என்றால் பக்கத்தில் ஒயின் வேண்டும் என்கிற ஊரில் ஒரே வருடத்தில் பணிந்தார்கள்.

நடுவில் நம் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, முகத்தளவு டெல்லி அப்பளம் எல்லாம் உண்டு. உட்காரத்தான் இடம் தேட வேண்டும். அம்மா ஒரு மணி நேரம் தாங்குவார்.

பசங்களோடு மட்டும் போனால் நான் யோசிக்காமல் பூங்காவைச் சொல்வேன். அம்மாவும் வந்தால் ஒகேனக்கல், அதுவும் ஆறு சாதுவாக இருக்கும் வாரத்தில். கையில் காசு குறைவு, மனசு சரியில்லை என்றால் அணை.

இந்த வருடம் பஞ்சாயத்தில் பசங்க ஜெயித்துவிட்டார்கள், பூங்காதான். தடை இருக்கிறது என்று தெரிந்தும் அம்மா புளிக்காய்ச்சலை முந்தா நாளே செய்து வைத்துவிட்டார். வழியிலேயே நிறுத்திச் சாப்பிடுவதாக ஏற்பாடு. நெடுஞ்சாலை அகலமானபோது ஓரத்துப் புளியமரங்கள் எல்லாம் போய்விட்டன. சூளகிரி தாண்டி ஒரு மரம் பார்த்து வைத்திருக்கிறேன் என்கிறார் மாமா. அங்கே வேன் நிறுத்த இடம் இருக்கிறதா என்று டிரைவர் தம்பி இரண்டு முறை போன் பண்ணிக் கேட்டுவிட்டார்.