தனியாகப் போகிறவருக்கு ஒரு சாவகாசமான நாள்: புளோரன்ஸா, பொலோன்யாவா?

இத்தாலிக்குத் தனியாகக் கிளம்புகிறவர்கள், "ஒரு நாள் சும்மா சுற்றணும்" என்று நினைத்தால் கண்ணை மூடிக்கொண்டு புளோரன்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். அங்கிருந்து அதிவேக ரயிலில் சுமார் நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கிற பொலோன்யா, ரயில் மாறுகிற ஜங்ஷனாக மட்டும் திட்டத்துக்குள் வருகிறது. நான் பொலோன்யா கட்சி.

புளோரன்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சிக்கலே அதுதான். பார்த்தே ஆகவேண்டியவை அங்கே அதிகம். மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய டேவிட் சிலை அக்காதெமியா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அத்தனை தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் வர யாருக்கு மனசு வரும்? அதற்கொரு முன்பதிவு, உஃபிசி ஓவியக் கூடத்துக்கு ஒன்று, புருனெல்லெஸ்கி கட்டிய கதீட்ரல் குவிமாடத்தில் 463 படி ஏற இன்னொன்று. மூன்றுக்கும் நேரம் குறித்துக்கொண்டால் சாவகாசம் காலை பத்து மணிக்கே காலி. திங்கட்கிழமை போனாலோ அக்காதெமியா, உஃபிசி இரண்டுமே மூடியிருக்கும்.

ஆனால் அதே ஊரில் சான் மார்கோ மடம் இருக்கிறது. ஃபிரா ஆஞ்செலிகோ என்ற துறவி 15-ஆம் நூற்றாண்டில் அங்கே துறவிகளின் அறைகளில் சுவரோவியம் தீட்டியிருக்கிறார். மாடிப்படி ஏறியதும் எதிரே, இயேசு பிறக்கப்போவதைத் தேவதூதர் மரியாளிடம் சொல்லும் பெரிய 'மங்கள அறிவிப்பு' ஓவியம். அதைத் தாண்டினால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், அறைக்கொரு படம். ஒருவர் வாசலில் நின்றாலே அறை நிறைந்துவிடும். கூட யாரும் வராதது அங்கே வசதி. புளோரன்ஸ்தான் என்று முடிவுசெய்தவர்கள் உஃபிசியை விட்டுவிட்டு இதற்குப் போகலாம் என்பேன். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

பொலோன்யாவில் இந்தக் கடமை உணர்ச்சியே கிடையாது. ஊர் முழுக்கத் தூண் வைத்த நடைக்கூரைகள், மொத்தம் சுமார் 62 கிலோமீட்டர். அவற்றில் சில பகுதிகள் 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. பழைய பல்கலைக்கழக ஊர் என்பதால் மாணவர் கூட்டம் பெருக, தங்க இடம் போதாமல் மாடி அறைகளைத் தெருப்பக்கம் இழுத்துக் கட்டி, கீழே தூண் கொடுத்தார்கள். குதிரையில் போகிறவர் தலை இடிக்காத உயரம் வேண்டும் என்று சட்டமே இருந்தது. இடம் வீட்டுக்காரருடையது, பாதை ஊருக்கு. மழையோ ஆகஸ்ட் வெயிலோ, குடை இல்லாமல் நாள் முழுக்க நடக்கலாம். கால் தெம்பு இருந்தால் சான் லூக்கா கோயில் வரை ஏறிப்போகும் நடைக்கூரை இருக்கிறது: 666 வளைவுகள், நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

நான் பரிந்துரைப்பது சான் பெத்ரோனியோ தேவாலயத் தரையை. முகப்பில் பாதிக்குத்தான் பளிங்கு, மேலே வெறும் செங்கல், முடிக்காமலே விட்டுவிட்டார்கள். உள்ளே, 1655-இல் வானியலாளர் காசினி பதித்த ஒரு கோடு சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. கூரையில் ஒரு சிறு துளை. வெயில் இருந்தால் அதன் வழியே விழும் ஒளிவட்டம் தரையில் ஊர்ந்து வந்து நண்பகலில் கோட்டைக் கடக்கும். குளிர்காலத்தில் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே. சூரியன் தாழ்ந்திருப்பதால் அப்போது வட்டம் நீண்டு முட்டை வடிவாகிவிடும். "போதும், கிளம்பலாம்" என்று இழுக்க ஆள் இல்லாதபோது பார்க்கவேண்டிய விஷயம்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் உஷார். பொலோன்யாவின் பெருமையெல்லாம் இறைச்சி. தொர்தெல்லினி என்ற பூரணம் அடைத்த சின்னப் பாஸ்தாவுக்குள் பன்றி, அது மிதக்கிற சாறும் இறைச்சிச் சாறு. ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அடைத்து வெண்ணெயில் புரட்டிய பெரிய தொர்தெல்லோனிதான் கதி. மொர்த்தாதெல்லா என்ற பன்றி இறைச்சி சாசேஜ் சாப்பிடுகிறவர்களுக்கோ குவாத்ரிலாத்தெரோ சந்தைச் சந்துகள் சொர்க்கம். நின்றபடியே சாப்பிட்டுவிடலாம், ஒற்றை ஆளுக்கு மேசை தேடும் சங்கடம் இல்லை. சைவத்துக்குப் புளோரன்ஸ் மேல்: பழைய ரொட்டி, பீன்ஸ், கருங்கீரை சேர்ந்த ரிபொல்லீத்தா சூப், ரொட்டியும் தக்காளியும் குழைந்த பாப்பா அல் பொமொதோரோ.

பொலோன்யாவில் தனியாள் தோற்கிற இடம் ஒன்று உண்டு. பொதெஸ்தா மாளிகைக்கு அடியிலுள்ள வளைவில் ஒரு மூலையில் கிசுகிசுத்தால் எதிர்மூலையில் கேட்கும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டுமே! ஊரின் அடையாளமான அசினெல்லி கோபுரத்தில் ஏறுவதும் இப்போதைக்கு நடக்காது. பக்கத்திலுள்ள சாய்ந்த கரிசெந்தா கோபுரம் ஆபத்தான நிலையில் இருப்பதால் 2023 அக்டோபரில் அந்த இடத்தையே அடைத்தார்கள். மாலைக் காட்சியிலும் புளோரன்ஸ்தான்: சான் மினியாத்தோ குன்றுக்கு ஈடு பொலோன்யாவின் மையத்தில் இல்லை.

முதல் இத்தாலிப் பயணம், டேவிட் பார்க்காமல் தூக்கம் வராது என்றால் புளோரன்ஸ் போங்கள். அதைச் சாவகாசமான நாள் என்று மட்டும் கணக்கில் எழுதாதீர்கள். மற்றவர்களுக்குப் பொலோன்யா. அறை போடுமுன் அங்கே வணிகக் கண்காட்சி ஏதும் நடக்கிறதா என்று பாருங்கள். வசந்த காலத்தில் அழகுசாதனக் கண்காட்சி, குழந்தைகள் புத்தகக் கண்காட்சி என்று வரிசையாக வரும். அந்த வாரங்களில் ஓட்டல் வாடகை எகிறிவிடும்.