என் இசைத்தட்டைப் போடாமலே பதிந்து கொடுத்தார்கள்

பழைய இசைத்தட்டுகளையும் கசற்றுகளையும் பென்டிரைவில் ஏற்றித் தருகிறோம் என்று யாழ்ப்பாணத்தில் இப்போது ஆங்காங்கே போர்ட் தொங்குகிறது. அப்பாவின், அப்புவின் தட்டுகளை வீட்டில் வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். நான் 37,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். ஒரு தட்டும் போனது. அதற்கு விலை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கலியாண வீடியோ எடுக்கிற இடம். அடுத்த மாதம் என் மருமகளின் கலியாணத்துக்கும் அவர்கள்தான் வருகிறார்கள், அட்வான்ஸ் போன வருடமே கொடுத்தாயிற்று. ஊர் சின்னது, என்ன செய்வது.

தட்டுகள் என் சின்னையாவுடையவை. அவர் கப்பலில் ரேடியோ ஒஃபிசராக இருந்தவர். 1960களில் லண்டனிலும் ஹம்பேர்க்கிலும் கப்பல் கட்டி நிற்கும் நாட்களில் மற்றவர்கள் கோட்டும் சப்பாத்தும் வாங்க, இவர் இசைத்தட்டு வாங்கிக்கொண்டு வருவார். பாதி ஜாஸ். மற்றப் பாதி, அந்தக் காலத்தில் யாருக்கும் என்னவென்று விளங்காத மின்னணு இசை: விசில் போன்ற ஒலிகள், பின்னோக்கி ஓடும் நாடா, இரைச்சல். எங்கள் வீட்டில் அதற்கு 'சின்னையாவின்ர ரேடியோ பழுது' என்று பெயர். 1995 இடப்பெயர்வில் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது தையல் மெஷின் இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்று வாளிகூட இல்லை. தட்டுப் பெட்டி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. திறந்து பார்த்தவன் மேல் உறையில் ட்ரம்பெட் ஊதும் ஜாஸ்காரர் மைல்ஸ் டேவிஸைப் பார்த்துவிட்டு மூடிவைத்திருக்க வேண்டும்.

என் காது எப்படிப் பழகியது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. 1990களின் தொடக்கத்தில் இங்கே கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில்தான் ரேடியோவும் கசற்றும். இரவில் வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கொனோவர் என்பவர் ஜாஸ் போடுவார். 1955இலிருந்து போட்டுக்கொண்டிருந்த மனிதர், ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசுவதால் எங்களுக்கும் பிடிபடும். கசற் போட்டால் எனக்குத்தான் சுற்றுகிற வேலை. கை தளர்ந்தால் மோட்டர் தளரும், சுருதி இறங்கும், சின்னையா இருட்டுக்குள் இருந்து "டேய், சுத்தடா" என்பார். சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் தோள்மூட்டில் வலிக்கிற மாதிரி ஒரு பழக்கம் அப்படி வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பிளேயரின் பெல்ட் அறுந்து இரண்டு வருடம். இங்கே கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பலாம் என்று நினைத்துத்தான் கடைக்குப் போனேன். எல்பி, அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டு, 22, ஒன்றுக்கு 1,500. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு 4, ஒன்றுக்கு 1,000. காசு முழுவதையும் முன்னுக்கே வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கொடுத்தேன். சனி காலை பதினொரு மணிக்கு போன் வந்தது: "அண்ணை, முடிஞ்சுது. வந்து எடுங்கோ."

அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். தட்டை வேகமாக ஓட்டிப் பதிய முடியாது. 40 நிமிடத் தட்டுக்கு 40 நிமிடம் வேண்டும். 22 தட்டுக்குக் கிட்டத்தட்ட 15 மணித்தியாலம். கடையோ இரவு எட்டு மணிக்குப் பூட்டுகிறது. 'கெட்டிக்காரப் பெடியங்கள்' என்று மெச்சிக்கொண்டு பென்டிரைவை வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து முதலில் போட்டது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ'. முதல் பாட்டு 'சோ வட்'. அது மேற்கத்திய சுரமான 'டி'யில் தொடங்கி, நடுவில் அரைச் சுரம் ஏறி, திரும்ப டிக்கே வரும். மகள் விட்டுப்போன கீபோட்டில் நான் ஒரு விரலால் கூட வாசிப்பது வழக்கம். வாசித்தேன். அப்படியே பொருந்தியது. பொருந்தக்கூடாதே!

ஏனென்றால் அந்தத் தட்டின் உள்ளுறையில் என் கையெழுத்தில், பென்சிலால், 'பக்கம் 1: கீபோட்டைக் கொஞ்சம் ஏற்று. பக்கம் 2: தேவையில்லை' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1959 மார்ச் 2ஆம் திகதி நியூயோர்க்கில், கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் முதல் பக்கத்துப் பாட்டுகள் மூன்றையும் பதிந்தபோது நாடா மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறித்தானே நிற்கும். ஏப்ரல் 22ஆம் திகதி பதிந்த இரண்டாம் பக்கத்தில் அந்தப் பிழை இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க அந்தப் பிழையோடுதான் தட்டு விற்றது. 1990களில்தான், அன்று பக்கத்தில் ஓடிய இன்னொரு மெஷினின் நாடாவை வைத்துத் திருத்தி வெளியிட்டார்கள்.

என் தட்டு சின்னையா 1960களில் வாங்கியது. அதைப் போட்டுப் பதிந்திருந்தால் முதல் பக்கம் ஏறி நிற்க வேண்டும். பென்டிரைவில் திருத்திய சுருதி இருக்கிறது. யூடியூபிலிருந்தோ எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார்கள்.

உடனே ஒருவரில் பழி போடக்கூடாது என்று மற்றப் பக்கத்தையும் கேட்டேன். 'ஓல் புளூஸ்' நடுவில் ஒரு கீறல் இருக்கிறது, சின்னையா ஒரு தைப்பொங்கலன்று ஊசியைக் கை தவறிப் போட்டது. ஒரு சுற்றுக்கு ஒரு தரம், 1.8 வினாடிக்கு ஒரு 'டிக்'. பதினொரு டிக் வரும், எண்ணியிருக்கிறேன். ஒன்றுகூட இல்லை. யாழ்ப்பாணத் திருநெல்வேலியில், கம்பஸில் படிக்கிற அக்கா மகனிடம் கோப்புகளைக் காட்டினேன். அவன் ஒலியைப் படமாகக் காட்டுகிற மென்பொருளில் போட்டான். 16,000 ஹேர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டின மாதிரி வெறுமை. "மாமா, இது 128 எம்பி3. பேரை மட்டும் வேவ் எண்டு மாத்தி வச்சிருக்கிறாங்கள்" என்றான். எம்பி3 என்றால் உச்ச ஒலிகளைக் களைந்து சுருக்கிய கோப்பு, வேவ் சுருக்காதது. 22இல் 19 அப்படி.

மற்ற மூன்றையும் உண்மையாகவே பதிந்திருந்தார்கள், இணையத்தில் கிடைக்கவில்லை போலும். அந்த மூன்றுக்கும் நடந்ததைப் பார்த்தால் இறக்கியே தந்திருக்கலாம். ஒன்று ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டொக்ஹவுசனின் தட்டு. ஒரு சிறுவனின் குரலையும் மின்னணு ஒலிகளையும் ஒன்றாக நெய்து, 1956இல் கொலோன் வானொலியில் அவர் முடித்த படைப்பு அதில் இருக்கிறது. அந்தக் காலத்து மின்னணு இசைக்காரர்களுக்கு இரைச்சல்தான் களிமண். இரைச்சலை எடுத்து, வடிகட்டி, நாடாவை வெட்டி ஒட்டித்தான் உருவம் பிடிப்பார்கள். பிபிசியின் ரேடியோஃபோனிக் வேர்க்ஷொப்பில் டீலியா டெர்பிஷயர் 1963இல் 'டொக்டர் ஹூ' தொடரின் இசையைச் செய்தபோதும் அதில் வீசுகிற காற்று, வடிகட்டிய இரைச்சல்தான்.

கடைக்காரப் பெடியன் அந்தத் தட்டுக்கு 'நொய்ஸ் ரிமூவ்' போட்டிருக்கிறான். அதுவும் பெருமையாகச் சொன்னான்: "அண்ணை, அந்த ரெக்கோட் சரியான பழுது. ஒரே இரைச்சல். நான் கஷ்டப்பட்டு எல்லாத்தையும் எடுத்து விட்டிருக்கிறன்." மிஞ்சியது தண்ணீருக்குள் யாரோ கொப்பளிக்கிற சத்தம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உண்மையில் சிரித்துவிட்டேன். சின்னையா இருந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு இன்னொரு ஆள் கிடைத்தான் என்று சொல்லியிருப்பார்.

சிரிக்க முடியாதது 78 தட்டு. அமெரிக்க ஜாஸ்காரர் டியூக் எலிங்டனுடையது, கல்கத்தா டம்டமில் அச்சான எச்.எம்.வி. எலிங்டன் 1963இல் கொழும்புக்கே வந்து வாசித்தார். சின்னையா அப்போது நடுக்கடலில். சாகும்வரை அந்தக் கவலை போகவில்லை. அந்தத் தட்டைத் 'துப்புரவாக்க' ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். எல்பி பிளாஸ்டிக். 78 அரக்கு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மேசைக்கும் கதவுக்கும் பொலிஷ் போடுகிறோம், எந்தத் தச்சுவேலைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னிய தட்டு இப்போது நரைத்துப்போய், விரல் வைத்த இடத்தில் கைரேகை பதிந்து கிடக்கிறது. யாருடைய விரல் என்றுகூடப் பார்த்துச் சொல்லலாம். மற்ற மூன்று 78 தட்டுகளையும் துடைக்கவில்லை. எல்பி ஊசியால் போட்டிருக்கிறார்கள். 78இன் பள்ளம் அகலம், அதற்கு வேறு ஊசி. சின்ன ஊசி அடியில் கிடந்து உருளும், பாட்டைவிடக் கரகரப்புத்தான் கூடக் கேட்கும்.

திரும்பக் கடைக்குப் போனேன்.

"தம்பி, இது என்ர தட்டில இருந்து எடுத்தது இல்லை."

"ஏன் அண்ணை, அதே பாட்டுத்தானே? உங்கட தட்டு டிக்டிக் எண்டுது. இது கிளியர்."

அதே பாட்டு வேண்டுமென்றால் எனக்கும் போனில் தட்டத் தெரியும், 1,500 ரூபாய் எதற்கு? எனக்கு வேண்டியது பதினொரு டிக்கும், ஏறி நிற்கிற அந்தச் சுருதியும். இதை அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதலாளியிடம் கதைத்து 5,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தான். மிச்சம் பிறகு பார்ப்போமாம். ரசீதில் 'ஓடியோ வேலை' என்று மட்டும் எழுதி வாங்கியது என் மடத்தனம். எந்தத் தட்டு, எத்தனை, தட்டிலிருந்து நேரே பதிவது என்று எழுதி வாங்கியிருந்தால் கொஞ்சம் இறுக்கிக் கேட்டிருக்கலாம்.

நீங்கள் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒரே ஒரு தட்டை முதலில் கொடுங்கள், கீறல் உள்ளதாகப் பார்த்து. கீறல் எங்கே வருகிறது என்று நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்களிடம் சொல்ல வேண்டாம். எந்த மெஷினில், எந்த ஊசியால் போடுகிறார்கள் என்று உள்ளே போய்ப் பாருங்கள். என் கடையில் பிளேயர் ஒன்று கண்ணாடி அலுமாரிக்குள் அழகுக்கு இருந்தது, வயர்கூடச் செருகியிருக்கவில்லை, நான் அதைக் கவனிக்கவில்லை. துப்புரவாக்காத, கை வைக்காத மூலப்பதிவைத்தான் கேளுங்கள், இரைச்சல் எடுப்பதைப் பிறகு நீங்களே செய்யலாம். 78 இருந்தால் வெளியே கொடுக்கவே வேண்டாம். துடைப்பதற்கு உலர்ந்த மெல்லிய துணி காணும்.

போன கிழமை மகள் கனடாவிலிருந்து வந்த ஒருவரிடம் பெல்ட் கொடுத்து அனுப்பினாள், இரண்டு டொலர் சாமான். மாட்டிவிட்டு 'சோ வட்' போட்டேன், கீபோட்டை ஏற்ற வேண்டியிருந்தது. பக்கத்தை மாற்றினேன், ஏற்றத் தேவையில்லை. அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் லப்டொப்போடு வருகிறான், ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று பதிகிறோம். ஐந்து முடிந்திருக்கிறது.

அந்தப் பெடியனை நேற்று ஆரியகுளம் சந்தியில் கண்டேன். மோட்டர்சைக்கிளை நிறுத்தி, "அண்ணை, கலியாணத்துக்குக் காலமை எத்தின மணிக்கு வரோணும்?" என்று கேட்டான். வீடியோவை இணையத்திலிருந்து இறக்க முடியாது என்பதால் ஆறு மணிக்கு வரச் சொன்னேன்.