காண்டர் கிரீன் லேன் கம்பியோரம் ஒன்பது பருவங்கள்

எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் யாருடைய பிள்ளையாவது பந்தை நேராக உதைக்கத் தொடங்கினால், அடுத்த வாரமே எனக்குத் தொலைபேசி வரும். எந்தக் கால்பந்துக் கழகத்தில் சேர்க்கலாம், என்ன செலவாகும், அகாடமி என்கிறார்களே அது நல்லதா என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இனிக் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.

தெற்கு இலண்டனில் உள்ள சட்டன் யுனைட்டெட் கால்பந்துக் கழகத்தின் ஆட்டங்களுக்கு 2016 முதல் போய் வருகிறேன். மகன் அந்தக் கழகத்தில் ஆடியதில்லை. எட்டு வயதிலிருந்து அக்கம்பக்கத்துச் சிறு கழகம் ஒன்றின் இளையோர் அணியிலும், பதினாறு வயதுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் லீக்குக்கு வெளியே உள்ள இன்னொரு கழகத்தின் அகாடமியிலும் இருந்துவிட்டு, 2025 கோடையில் வெளியே வந்தான். அந்த இரண்டின் பெயர்களும் இங்கே வேண்டாம். குறை சொல்லப் போகிறேன். அவர்கள் கெட்டவர்களும் அல்லர்.

இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் நான்கு அடுக்குகளிலும் சேர்த்து 92 கழகங்கள். லீக் என்று நான் சொல்வது இவற்றை. அவற்றுக்குக் கீழே ஐந்தாம் அடுக்கிலிருந்து ஊர்ப் பூங்கா வரைக்கும் உள்ளவை எல்லாம் 'நான்-லீக்' (Non-League), அதாவது லீக்குக்கு வெளியே. சட்டன் 1898 இல் தொடங்கிய கழகம். சாக்லேட்டும் மஞ்சளும் கலந்த சட்டை. வெஸ்ட் சட்டன் ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே அவர்களுடைய மைதானம், காண்டர் கிரீன் லேன். ஐயாயிரம் பேர் கொள்ளும்.

நான் யாழ்ப்பாணத்தவன். பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்று ஊருக்கு ஊர் கழகம் உள்ள இடம். கோட்டுக்கு வெளியே நின்று, பந்து முகத்தில் படாமல் தலையைக் குனிந்து பார்த்து வளர்ந்த எனக்கு, முதல் அடுக்கான பிரீமியர் லீக் மைதானத்தின் மேல்தட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தது மொட்டைமாடியிலிருந்து தேர் பார்த்ததுபோல்தான் இருந்தது. காண்டர் கிரீன் லேனில் இடுப்பளவுக் கம்பியில் முழங்கையை ஊன்றி நின்ற முதல் நாளே இது நமக்குச் சரிவரும் என்று தெரிந்துவிட்டது. பக்கக்கள வீரர் ஓடி வரும்போது மூச்சு வாங்குவது கேட்கும். கோல்காப்பாளர் தனக்குத் தானே திட்டிக்கொள்வது கேட்கும். என் தேநீர்க் கோப்பையைப் பந்து ஒருமுறை தட்டிவிட்டுப் போனது. பந்தை எடுக்க வந்த எதிரணி வீரர் மன்னிப்புக் கேட்டுவிட்டு எறிந்தார். அந்த எறிதலிலிருந்தே அவர்கள் கோலும் போட்டார்கள்.

நான் போகத் தொடங்கிய பருவம் கழகத்தின் வரலாற்றிலேயே பெரிய பருவங்களில் ஒன்றாக அமைந்தது என் அதிர்ஷ்டம். எல்லா அடுக்குக் கழகங்களும் மோதும் எஃப். ஏ. கிண்ணத்தில் மூன்றாம் சுற்றில் ஏ. எஃப். சி. விம்பிள்டன், நான்காம் சுற்றில் லீட்ஸ் என்று வென்று, ஐந்தாம் சுற்றில் ஆர்சனல் இங்கே வந்தது. 2017 பெப்ரவரி 20, திங்கள் இரவு. எனக்கு நுழைவுச்சீட்டு கிடைக்கவில்லை. அப்போது மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் பார்த்தோம். நேரலை சில நொடிகள் பின்தங்கியே வரும். இரண்டாம் பாதியில் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்க, ஜன்னல் வழியே ஒரு பெருஞ்சத்தம் எழுந்து, அப்படியே 'ஓ'வென்று இறங்கியது. மகன் என்னைப் பார்த்தான். அதன் பிறகுதான் ரோரி டீக்கன் தூரத்திலிருந்து அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதியதைத் திரையில் கண்டோம். அடி விழுமுன்னே அழுகை கேட்டுவிட்டது. 2-0 என்று தோற்றோம். மறுநாள் உலகம் முழுவதும் பேசியது, மாற்றுக் கோல்காப்பாளர் ஒருவர் கமராவுக்கு முன்னால் 'பை' (pie) என்ற பண்டத்தைச் சாப்பிட்டதைப் பற்றி. அதை இன்றைக்கும் என்னிடம் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

கம்பியோரத்து முதியவர்களுக்கு ஆர்சனல் எல்லாம் இரண்டாம் பட்சம். அவர்களுடைய நாள் 1989 ஜனவரி 7. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எஃப். ஏ. கிண்ணத்தையே வென்றிருந்த கவன்ட்ரியை இதே மைதானத்தில் 2-1 என்று வென்றார்கள். டோனி ரெயின்ஸும் மத்யூ ஹன்லனும் கோல் போட்டார்கள். முகாமையாளர் பாரி வில்லியம்ஸ் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். அடுத்த சுற்றில் நோரிச்சிடம் எட்டுக் கோல் வாங்கியதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள்.

இனித் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல்லை எடுத்துவிட்டு 2015 இல் இங்கே செயற்கைத் தரை போட்டார்கள். எங்கள் வீட்டில் அதை முதலில் கண்டுகொண்டது சலவை இயந்திரம். பாடசாலை விடுமுறைப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்த மகனின் காலுறையிலிருந்து கடுகளவு கறுப்பு இரப்பர் மணிகள் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டும். சமையலறையில் மனைவி கடுகு சிந்திவிட்டதாக நினைத்துத் துடைப்பத்துடன் வந்ததும் உண்டு. ஆனால் அந்தத் தரையின் அருமை வேறு. புல்தரை வாரத்துக்கு ஓரிரு ஆட்டம்தான் தாங்கும். செயற்கைத் தரையில் காலையிலிருந்து இரவு விளக்கு அணையும் வரை யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். அதில் கழகத்துக்கு வாடகையும் வரும். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஆடும் அதே மைதானத்தில் கால் பதிக்கக் கிடைத்தது.

பிறகு 2021 மே மாதம் ஹார்ட்டில்பூலை 3-0 என்று வென்று ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கின் சாம்பியனாகி, வரலாற்றில் முதல்முறையாக மேல் நான்கு அடுக்குகளுக்குள் நுழைந்தார்கள். அங்கே செயற்கைத் தரை கூடாது என்பது விதி. போட்டிருந்த தரையைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புல் பதித்தார்கள். முன்னேறியதற்கு இப்படியும் ஒரு தண்டனை. முதல் பருவத்தில் எட்டாம் இடம், வெம்பிளியில் ஈ. எஃப். எல். டிராஃபி (மூன்றாம், நான்காம் அடுக்குக் கழகங்களுக்கான கிண்ணம்) இறுதி ஆட்டம். அன்று ரோதர்ஹாமுக்கு எதிராக மேலதிக நேரம் வரை முன்னிலையில் இருந்து, கடைசி மூச்சில் சமநிலையாகி, பின்னர் 4-2 என்று தோற்றதை நான் நேரில் பார்த்தேன். திரும்பி வரும் ரயிலில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த பருவம் 14 ஆம் இடம். அதற்கடுத்தது 23. 2024 இல் மறுபடி ஐந்தாம் அடுக்கு.

2024-25 பருவத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டியலின் நடுப்பகுதியில் தொடங்கி நடுப்பகுதியில் முடித்தார்கள். ஆனால் இந்த அடுக்கின் கொடுமையைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். அந்தப் பருவத்தில் மேலே போனது இரண்டே அணிகள். முதலிடம் நேராகப் போனது. இன்னொன்று, அடுத்த இடங்களில் உள்ள அணிகள் மோதும் பிளேஆஃபில் போராடிப் போனது. கீழே விழுந்தது நான்கு. மூன்று அணிகளை ஏற்ற வேண்டும் என்று கழகங்கள் ஒன்றுசேர்ந்து அப்போது கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டே அணிகள் என்றால், பாதிப் பருவம் கடந்ததும் பல அணிகளுக்கு ஆடுவதற்குக் காரணமே இருக்காது. பெப்ரவரி செவ்வாய் இரவுகளில் அது தெரியும். விரல் மரத்து, கால் மரத்து, ஆட்டமும் மரத்துப்போய் நிற்கும்.

சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்றால், நான் எடுக்கத்தான் சொல்வேன். ஆனால் ஒன்று: 23 உள்ளூர் ஆட்டங்களில் பதினைந்துக்காவது போக முடிந்தால்தான் கட்டுப்படியாகும். சனிக்கிழமை வேலை உள்ளவர்கள், பிறந்தநாள் விழாக்களுக்கு மறுப்புச் சொல்லத் தெரியாதவர்கள் தனித்தனியாக வாங்குவதே நல்லது. நம் சமூகத்தில் சனிக்கிழமை மாலை மண்டபம் இல்லாத வாரம் ஏது? மூன்று மணி ஆட்டம் ஐந்துக்கு முடியும். மண்டபத்தில் கேக் வெட்ட எட்டு மணியாகும். இரண்டும் நடக்கும் என்று மனைவியை நம்பவைக்க எனக்கு இரண்டு பருவங்கள் பிடித்தன.

பிள்ளைகளைப் பற்றி.

சிறுவர் ஆட்டம் இங்கே நன்றாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. என் மகன் காலத்தில் எட்டு வயதுவரை ஐவர், பத்து வயதுவரை எழுவர், பன்னிரண்டு வயதுவரை ஒன்பதின்மர், பதின்மூன்றிலிருந்து பதினொருவர். சிறு வயதினருக்குப் புள்ளிப் பட்டியல் வெளியிடுவதில்லை. இப்போது பதினொரு வயதுவரை தலையால் முட்டுவதையும் படிப்படியாக நிறுத்திவருகிறார்கள். மிக நல்லது. எங்களுக்கு மாதம் நாற்பது பவுண் அளவில் ஆனது. சட்டை, பை, பனிக்கால மேலங்கி எல்லாம் தனி. பயிற்றுநர்களில் பெரும்பாலோர் யாரோ ஒருவருடைய அப்பா. அவருடைய பிள்ளை நடுக்களத்தில் ஆடும். உங்கள் பிள்ளை எங்கே ஆடுகிறது என்பது அதன் பிறகுதான் முடிவாகும். இதைச் சண்டையாக்கிப் பயனில்லை. நான் ஆக்கிப் பார்த்துவிட்டேன்.

பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது என்று சில வார இறுதிகளை 'மௌன வார இறுதி' என அறிவிப்பார்கள். கைதட்டலாம், கத்தக் கூடாது. நானும் இன்னொரு தமிழ்த் தந்தையும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். "பின்னால் வருகிறான், விடு, விடு" என்று தமிழில் மெதுவாகச் சொன்னால் மத்தியஸ்தருக்கு அது கத்தலா இருமலா என்று தெரியாது. பிள்ளைக்கும் புரிந்தது என்று சொல்ல முடியாது.

பதினாறு வயதில்தான் எங்கள் வீட்டில் பெரிய முடிவு வந்தது. பிரீமியர் லீக் கழகங்கள் பிள்ளைகளை ஒன்பது வயதிலேயே பதிவுசெய்துவிடும். அந்தக் கப்பல் எப்போதோ போய்விட்டது. லீக்குக்கு வெளியே உள்ள கழகங்கள் நடத்தும் 'அகாடமி' பெரும்பாலும் வேறு சமாச்சாரம். ஒரு கல்லூரியோடு சேர்ந்து நடத்துவார்கள். காலையில் பயிற்சி, பின்னேரம் வகுப்பு, புதன்கிழமை ஆட்டம். படிப்பு, பிடெக் (BTEC) என்ற தொழிற்கல்வியில் மூன்றாம் நிலை விளையாட்டு டிப்ளோமா. முழுமையாக முடித்தால் ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வின் மூன்று பாடங்களுக்கு இணை. என்னுடன் வேலை செய்யும் திருச்சி நண்பரிடம் மகன் பிடெக் படிக்கிறான் என்றேன். "பதினாறு வயதிலேயே பி.டெக்கா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். திருத்தத் தோன்றவில்லை.

தேர்வு நாளன்று மகனுக்கு 41 என்று இலக்கமிட்ட மேற்சட்டை கொடுத்தார்கள். இரண்டு மணிநேரம் ஆடினான். அடுத்த வாரமே இடம் உண்டு என்று மின்னஞ்சல். வீட்டில் பாயாசம். செப்டம்பரில் போய்ப் பார்த்தால் 41 என்ன, அன்று வந்த எல்லா இலக்கங்களும் அங்கே நிற்கின்றன. படிப்புக்கு அரசு பணம் கொடுப்பதால் நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பணம் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று போகிறது. ஆள் கூடினால் வருமானம் கூடும். அறுபது பேரைச் சேர்த்தார்கள். முதல் அணிக்குப் பதினாறு பேர் போதும். மிகுதிப் பேருக்கு இரண்டாம் அணி, மூன்றாம் அணி, அதுவும் இல்லாவிட்டால் உடற்பயிற்சிக்கூடம். முதல் ஆண்டில் மூன்று பயிற்றுநர்கள் மாறினார்கள். மூவரும் மகனை மூன்று இடங்களில் ஆடவிட்டார்கள். சீருடைக்கென்று நாங்கள் கட்டிய முந்நூறு பவுணில் வந்த மேலங்கி நவம்பரில்தான் கைக்குக் கிடைத்தது. அதற்குள் அவன் ஒரு அளவு வளர்ந்திருந்தான்.

இதனால் அகாடமி ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட மேசையில் வாடிப்போயிருந்த பிள்ளை, காலை ஆறரைக்குத் தானாக எழுந்து பஸ் பிடித்தான். வகுப்பில் உடற்கூறு சொல்லிக்கொடுத்த ஆசிரியை அருமையானவர். தொடைத் தசை கிழிந்தால் என்னவாகும் என்பதை அவன் என் காலைப் பிடித்தே எனக்கு விளக்கியிருக்கிறான். ஒரு மணிநேரத்துக்குக் குறைவாகப் படித்துவந்தவன் ஒப்படைகளை நேரத்துக்கு முடித்தான். நான் தவறாக நினைத்தது ஒன்றைத்தான்: இதை ஏணி என்று நினைத்தேன். இது ஒரு கல்லூரி. அதற்கு நல்ல மைதானம் இருக்கிறது. சேர்வதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியது, மொத்தம் எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள், கடந்த ஆண்டு முடித்தவர்கள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள், அவர்களில் எவராவது கழகத்தின் முதலணியில் ஒரு நிமிடமாவது ஆடினார்களா என்பவை. இவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்லும் இடத்தில் தயங்காமல் சேருங்கள்.

ஏணி இல்லவே இல்லை என்றும் இல்லை. சில மைல் தள்ளி, டூட்டிங் அண்ட் மிச்சம் கழகத்தில் ஆடிய மிக்கைல் அன்ரோனியோ 2008 இல் ரெடிங் போய், பிறகு வெஸ்ட் ஹாமில் ஆண்டுக்கணக்கில் ஆடி, ஜமேக்காவுக்கும் ஆடினார். எல்லா அகாடமிக் கூட்டத்திலும் அவர் பெயர் வரும். நம் வீடுகளில் வருவது பார்ன்ஸ்லியின் விமல் யோகநாதன் பெயர். வட வேல்ஸில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரராகியிருப்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் சிறு வயதிலேயே லிவர்பூல் அகாடமியில் இருந்தவர். பதினாறு வயதில் அறுபது பேரோடு வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் "விமலைப் பார்" என்று சொல்வது, யாழ்ப்பாணத்துக் கொட்டடியில் நிற்பவனிடம் கொழும்பு போகும் வழியைக் கேட்காமலே சொல்வது மாதிரி.

மகன் டிப்ளோமாவை முடித்துவிட்டான். சனிக்கிழமைகளில் ஒன்பதாம் அடுக்கு அணி ஒன்றில் மாற்று வீரராக உட்காருகிறான். சில வாரம் ஆடுகிறான். அகாடமியில் இருந்தபோதே மத்தியஸ்தர் பயிற்சியும் முடித்ததால் ஞாயிறு காலைகளில் சிறுவர் ஆட்டங்களை நடத்தி, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் வாங்குகிறான். அடுத்த பருவத்துக்குச் சட்டன் சீட்டுகளைப் புதுப்பித்துவிட்டேன். இந்த முறை அவனுக்கு வளர்ந்தோர் கட்டணம். பாதியை அவனே தந்தான்.

போன மாதம் அவன் ஊதிய பத்து வயதினர் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். மௌன வார இறுதி. கோட்டோரம் நின்ற ஒரு தந்தை, வாயைக் கையால் மூடி இருமுவதுபோல், "அடிடா, அடி" என்றார். மகன் ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினான். நேராக அவரிடம் நடந்து வந்தான்.

"மாமா, எனக்குத் தமிழ் தெரியும்," என்றான்.