கல்லறைப் பட்டியலை எதில் ஏற்றுவது: வெறும் டெக்ஸ்ட்டா, ஹெச்டிஎம்எல்லா?

அமெரிக்க வம்சாவளி ஆர்வலர்கள் 1996-இல் யூஎஸ்ஜென்வெப் திட்டத்தைத் தொடங்கி, உயில், சென்சஸ், கல்லறைக் கல் என்று கவுண்டி கவுண்டியாக (நம் மாவட்டம் மாதிரி) படியெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். அதன் ஆவணக் காப்பகம் நம்பியது நோட்பேடில் திறக்கும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பைத்தான். அதே காலத்தில் குடும்ப வரலாறு எழுதியவர்கள் பலர், இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸில் ஹெச்டிஎம்எல் பக்கம், அதாவது இணைப்பும் படமும் வைக்கக் குறிகள் போட்டு எழுதும் இணையப் பக்கம், கட்டினார்கள்.

பார்வைக்கு ஹெச்டிஎம்எல்தான் ஜெயிக்கும். தாத்தா பெயரைத் தொட்டால் அவர் உயிலுக்குப் போகலாம், பக்கத்திலேயே படமும் வைக்கலாம். சென்சஸ் பட்டியலுக்கு இது இன்னும் முக்கியம். அடிமைகள் நீங்கலாக வீட்டிலுள்ள எல்லாரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் அமெரிக்க சென்சஸ் 1850-இல் எடுத்தது. பெயர், வயது, தொழில், பிறந்த இடம் என்று அதில் கட்டம் கட்டமாக ஓடும். டெக்ஸ்ட்டில் ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கிய நெடுவரிசைகள், கூரியர் மாதிரி சம அகல எழுத்துருவில் மட்டுமே நேராக நிற்கும். கைபேசியில் வரி மடங்கினால் அப்பாவின் வயது மகன் பெயருக்கு மேல் போய் உட்காரும்.

ஆனால் ஹெச்டிஎம்எல் பக்கம் பெரும்பாலும் ஒற்றைக் கோப்பு அல்ல. படம், பொத்தான், ஃப்ரேம் எல்லாம் தனித்தனிக் கோப்புகள். 2009-இல் ஜியோசிட்டீஸை மூடியபோது, பக்கத்தை மட்டும் சேமித்தவர்களுக்குப் படம் இருந்த இடத்தில் காலிக் கட்டம்தான் மிஞ்சியது. (மின்னும் எழுத்தும் போனது. அதற்கு யாரும் அழவில்லை.) டெக்ஸ்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. யார் படியெடுத்தார், எந்தப் பதிவேட்டிலிருந்து என்பதைக் கோப்பின் தலையிலேயே எழுதிவிட்டால், அதை யார் முழுசாக நகலெடுத்தாலும் அந்த விவரமும் கூடவே போகும். ஆயிரம் கோப்புகளில் ஒரு குடும்பப் பெயரைத் தேடுவதும் சுலபம்.

டெக்ஸ்ட்டின் உண்மையான பலவீனம் எழுத்துக் குறியீடு, அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற கணக்கு. எந்தக் குறியீட்டில் தட்டியது என்று சொல்ல ஹெச்டிஎம்எல்லில் இடம் உண்டு, டெக்ஸ்ட்டில் கிடையாது. ஜெர்மன் குடியேறிகளின் பெயரில் உயிரெழுத்துக்கு மேல் வரும் இரட்டைப் புள்ளி, தவறான குறியீட்டில் திறந்தால் குப்பையாகிவிடும். யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி என்ற குறியீட்டில் தட்டிய பழைய தமிழ்க் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், படியெடுத்த ஆவணம் எதுவானாலும், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியீட்டில் தட்டிய டெக்ஸ்ட்தான் மூலப்படி. அட்டவணையென்றால் ஸ்பேஸுக்குப் பதில் டேப். படத்தோடு சொல்லும் குடும்பக் கதைக்கு ஹெச்டிஎம்எல், அதுவும் எளிய டேக்குகளோடு. ஆவணத்துக்கும் அழகான பக்கம் வேண்டுமென்றால், சரி, அந்த டெக்ஸ்ட்டிலிருந்தே ஒரு சின்ன நிரலால் உருவாக்கிக்கொள்ளலாம். திருத்தம் வந்தால் மூலத்தை மட்டும் திருத்திப் பக்கத்தை மறுபடி உருவாக்குங்கள். இரண்டையும் கையால் திருத்தத் தொடங்கினால் ஒன்றில் 1873, இன்னொன்றில் 1878 என்று நிற்கும். அப்புறம் கல்லில் எது இருந்தது என்று பார்க்க மயானத்துக்குத்தான் போக வேண்டும்.