பத்து கியர், 3.55 ஆக்சில்: எஃப்-150 வி8 பிக்கப்பின் இழுவை

"டிரெய்லர் இழுப்பதென்றால் 3.73-க்குக் குறைந்த ஆக்சிலை வாங்காதே" என்பது பிக்கப் ஓட்டுகிறவர்களிடம் வேதவாக்கு. சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே அந்த ஆக்சில் எண்; எண் கூடினால் இழுவிசை கூடும். அந்த வேதம் கியர்கள் குறைவாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது. முன்பு என்னிடம் இருந்தது 5.0 லிட்டர் வி8 எஞ்சின், ஆறு கியர், 3.73 ஆக்சில் கொண்ட ஃபோர்டு எஃப்-150. இப்போது இருப்பது அதே 5.0 லிட்டர் வி8, ஆனால் பத்து கியர், 3.55 ஆக்சில். பின்னால் தொடுக்கும் டிரெய்லர் மாறவில்லை. சுமையோடு ஏறத்தாழ 7,000 பவுண்டு.

3.73 என்பது ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 41 பல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 11 பல் என்ற கணக்கு. ஆனால் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விசையை ஆக்சில் மட்டும் தீர்மானிப்பதில்லை. கியர்பெட்டியின் விகிதத்தையும் அதோடு பெருக்க வேண்டும். பழைய வண்டியில் முதல் கியர் 4.17, 3.73-ஆல் பெருக்கினால் 15.55. புதியதில் முதல் கியர் 4.696, 3.55-ஆல் பெருக்கினால் 16.67. 3.31 ஆக்சில் போட்டிருந்தால்கூட 15.54 வந்திருக்கும். பலரும் ஏளனமாகப் பார்க்கும் அந்த 3.31, பத்து கியர் பெட்டியோடு சேர்ந்தால் பழைய 3.73-க்கு ஈடாகப் புறப்படுகிறது!

உண்மையான வித்தியாசம் நீண்ட ஏற்றத்தில்தான் தெரிகிறது. பழைய பெட்டியின் மூன்றாம் கியரும் புதியதன் ஐந்தாம் கியரும் ஒரே விகிதம்: 1.52. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டிலும் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றை ஒட்டி ஓடும். ஏற்றம் கொஞ்சம் கூடி, ஒரு கியர் இறக்க வேண்டிய நிலை வரட்டும். பழைய வண்டிக்கு அடுத்த படி 2.34, சுற்றுமானியின் முள் ஒரே தாவலில் 4,600-ஐத் தாண்டும், எஞ்சின் அலறும், பக்கத்தில் இருப்பவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். புதியதில் அடுத்த படி 1.769 மட்டுமே. முள் 3,400-ஐத் தொட்டு நிற்கும்; பேச்சு தடைபடாது. இன்னும் விசை தேவைப்பட்டால் அதற்குக் கீழே 2.146 காத்திருக்கிறது. சுற்று ஏறினால்தான் முழு பலம் காட்டும் இந்த வி8-க்கு, நெருக்கமான படிகள் ஆக்சில் எண்ணை விடப் பெரிய வரம்.

பின்னோக்கி ஏற்றுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய பெட்டியில் ரிவர்ஸ் விகிதம் 3.40தான், ஆக்சிலோடு பெருக்கினால் 12.7 கூட வராது. சரிவான இடத்தில் டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் சூடுதான் ஏறும். புதியதில் ரிவர்ஸ் 4.866, மொத்தம் 17.27. காலை லேசாக வைத்தாலே அங்குலம் அங்குலமாக நகர்கிறது. இந்த ஒன்றுக்காகவே நான் வண்டியை மாற்றியிருப்பேன்.

அப்படியானால் 3.73 வீணா? இல்லை. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 என்ற இழுவைத் தரநிலையில், 12 சதவீதச் சரிவில் முன்னும் பின்னுமாகப் பலமுறை புறப்பட்டுக் காட்ட வேண்டும். அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே விழாமல் ஏறிக் காட்ட வேண்டும். உச்ச எடையோடு இதைச் செய்யும்போது ஆக்சிலின் சிறு வேறுபாடும் இழுவை வரம்பின் எண்ணில் தெரியும். பத்தாயிரம் பவுண்டை நெருங்குகிறவர்கள் 3.73-ஐத் தேடட்டும்.

ஆனால் எந்த ஆக்சிலும் வண்டி தாங்கும் எடையைக் கூட்டாது. டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் உட்காரும். என் டிரெய்லருக்கு அது 700 முதல் 1,050 பவுண்டு. அதோடு குடும்பமும் சாமான்களும் சேர்ந்தால், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை வரம்பு, இழுவை வரம்புக்கு வெகுமுன்பே தீர்ந்துவிடலாம். விற்பனையாளர்கள் விளம்பரத்தாளின் பெரிய எண்ணைக் காட்டுவார்கள். கதவைத் திறந்து காட்டியவரை நான் பார்த்ததில்லை.

பெரிய டயர் மாட்டும் ஆசை இருப்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. 32 அங்குலத்துக்குப் பதில் 35 அங்குலம் மாட்டினால், 3.55 ஆக்சில் 3.25 போல நடந்துகொள்ளும். அவர்கள் வாங்கும்போதே 3.73-ஐக் கேட்டு வாங்குவது நல்லது. பிறகு கிரவுன், பினியன் மாற்ற நினைத்தால், நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் முன்னும் பின்னும் இரண்டு ஆக்சிலையும் பிரிக்க வேண்டியிருக்கும்.